வலி வயிற்றில், நோய் வேறெங்கோ

தாராபுரத்தை அடுத்த மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது, எட்டு வருஷமாக இன்சுலின் போடுகிறவர். போன மாதம் இரண்டு நாள் வயிற்றுவலியும் வாந்தியும். சோறு இறங்கவில்லை என்பதால் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் சோடாவும் ஓம வாட்டரும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் தொக்கம் (உள்ளே சிக்கிய சாப்பாட்டை எடுப்பதாகச் சொல்வது) எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அன்று ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்து, பேச்சுக் குழறி, அப்புறம் நான்கு நாள் ஐசியூ. ஆள் பிழைத்துவிட்டார்.

"வயித்துவலின்னுதானுங்க கூட்டிட்டுப் போனோம், சர்க்கரைன்னு சொல்றாங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்? எதுக்கு விடியற வரைக்கும் பொறுக்கலாம், எதுக்கு ஓடணும்? தாராபுரமே போதுமா, நேரா கோயம்புத்தூர் போகணுமா? வர்ற தைப்பூசத்துக்கு அப்பாவைப் பழனிக்கு நடக்க விடலாமுங்களா?" இதுதான் அவர் கேட்டது.

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் வீட்டில் நடந்தது அறியாமை என்று யாராவது சொன்னால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்து கேஷுவாலிட்டிகளில் ராத்திரி டூட்டி பார்த்தவன். வயிற்றுவலி என்று வந்து படுத்தவரை வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்து ஏமாந்த டாக்டர்களில் நானும் ஒருவன். வயிறு தன்னுடைய நோயை மட்டும் சொல்லாது. சர்க்கரைக்கு, ரத்தத்துக்கு, நெஞ்சுக்கு, சில சமயம் பாம்புக்கடிக்குக்கூட அதுதான் வாய். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது கீட்டோ அசிடோசிஸ். உடம்பில் இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு கிடந்தாலும் செல்லுக்குள் போகாது. எரிக்க ஒன்றும் கிடைக்காமல் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும். அந்த எரிப்பில் மிஞ்சுகிற அமிலம்தான் கீட்டோன். அது ஏற ஏற வயிறு வலிக்கும், வாந்தி வரும், வாயில் பழுத்த பழ வாடை அடிக்கும். அமிலத்தை வெளியே தள்ளுவதற்காக நுரையீரல் ஆழமாக, வேகமாக இழுத்து விடும். நீங்கள் பார்த்த மூச்சு வாங்கல் அதுதான். ஆஸ்துமா மாதிரி சத்தம் இருக்காது, ஓடி வந்தவன் மூச்சு மாதிரி இருக்கும்.

நம் ஊரில் நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் சொல்வது, "சாப்பிடலையே, இன்சுலின் போட்டா இறங்கிடுமே" என்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ச்சலோ வாந்தியோ வந்த உடம்பு, சாப்பிடாவிட்டாலும் தானே சர்க்கரையைத் தயாரித்துக் கொட்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளை போடுகிற நீண்ட நேர இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் முழுசாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைக்கலாம், அதையும் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற இன்சுலின் மட்டும்தான் சாப்பாட்டைப் பொறுத்தது. உடம்பு சரியில்லாத நாளில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். 250க்கு மேல் நின்று வாந்தியும் இருந்தால் விடியும்வரை பொறுக்க வேண்டாம்.

இதில் இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடிகிற மாத்திரைகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரைகள்தான், நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடலாம். மீட்டரைப் பார்த்து "சுகர் பரவாயில்லை" என்று ஏமாந்துபோவது எளிது. வாந்தி வந்தால் அந்த மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு மூன்று நான்கு நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் செய்வது மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் சலைன். அந்த நிலையில் பெரியவர் ஒருவர் உடம்பில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் வறண்டிருக்கும். அப்புறம் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக, 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 6 யூனிட் போல. கூடவே பொட்டாசியம். இன்சுலின் போனதும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும், ரத்தத்தில் அது சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். அதனால்தான் மணிக்கொருதரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தெருமுனை கிளினிக்கில் ஒரே ஊசியாக 20 யூனிட் போட்டு வீட்டுக்கு அனுப்புவது ஏன் தப்பு என்பதும் இதில் இருக்கிறது.

சரி, கூடுவதைவிடக் குறைவது அவசரம். சர்க்கரை கூடி ஆள் சாய இரண்டு நாள் ஆகும். குறைந்து சாய அரை மணி நேரம் போதும். 70க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி. இன்னும் இறங்கினால் மூளைக்குத் தீனி இல்லாமல் உளறல், கோபம், தள்ளாட்டம். டாஸ்மாக் பக்கம் இப்படி விழுந்து கிடந்தவரைக் "குடிச்சிருக்கான்" என்று இரண்டு மணி நேரம் விட்டுவிட்ட கதை எனக்குத் தெரியும். குடித்தும் இருந்தார், சர்க்கரையும் 28 இருந்தது. சாராயம் ஈரலின் சர்க்கரை உற்பத்தியைக் கட்டிப்போடுவதால் இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். உளறுகிற எவருக்கும் முதல் வேலை விரலில் ஒரு குத்து.

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். வோக்லிபோஸ் மாத்திரை சேர்ந்திருக்கிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை குடலில் உடையவே நேரமாகும். அவர்கள் பையில் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பல மாத்திரைகளில் அது மூன்றாவது மருந்தாக ஒளிந்திருக்கும். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. வண்டியிலேயே ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து "எங்கே கூட்டிட்டுப் போறீங்க" என்று கேட்பார்.

அங்கேதான் வீட்டார் தப்பு செய்வது. எழுந்துவிட்டார், வண்டியைத் திருப்பு என்பார்கள். இன்சுலினால் இறங்கியிருந்தால்கூட ஒருவேளை பரவாயில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையால் இறங்கியிருந்தால், குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த மாத்திரை நாள் கணக்கில் உடம்பில் தங்கும். குறைந்தது ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று நான் கெஞ்சாத குடும்பம் இல்லை.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத ஒன்று, ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு 'மூலிகைப் பொடி' என்று பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிற பெரியவர்கள் நம் பக்கம் நிறைய. சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே முழங்கால் வலி பறந்துவிடும், போகப் போக முகம் உப்பும், சர்க்கரை ஏறும். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கிற அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். பொடி தீர்ந்துபோய், அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஆள் அப்படியே சரிவார். வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் பிடிபடாது, எத்தனை பாட்டில் சலைன் போனாலும் ஏறாது. ஹைட்ரோகார்டிசோன் என்கிற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசி ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வேறு. எந்த ஜிஎச்சிலும் இருக்கிற மருந்துதான். ஆனால் போட வேண்டும் என்று தோன்ற வேண்டுமே. அதனால் "பொடி ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா" என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பொட்டலம் மிச்சம் இருந்தால் எடுத்து வாருங்கள். ஆஸ்துமாவுக்கு, தோல் நோய்க்கு டாக்டரே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் இதே விதிதான். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

இதே மாதிரி வந்த ஒரு பெண்மணியை மறக்க முடியாது. ஐம்பது வயதிருக்கும், தோட்டத்து வீடு. வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி வாந்தி, மயக்கம் என்று வந்து, இரண்டு பாட்டில் ஏற்றிக்கொண்டு போவார். "ரத்த சோகை", "பலவீனம்" என்று சீட்டு சீட்டாக எழுதியிருந்தது. ஒரு ராத்திரி ரத்தத்தில் சோடியம் அதலபாதாளத்தில் இருக்க, அவருடைய அம்மாவிடம் கேட்டேன். "கடைசிப் பிரசவத்துல ஏகப்பட்ட ரத்தம் போச்சுங் டாக்டரு. அப்புறம் தாய்ப்பாலும் சுரக்கல, தீட்டும் வரவே இல்ல" என்றார் அந்த ஆத்தா. பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் கிடைக்காமல் கருகிப்போவது இது. அதன் கட்டளை வராமல் அட்ரினலும் தூங்கிவிடும். 1937-இல் ஷீஹன் என்பவர் விவரித்ததால் அவர் பேரிலேயே அழைக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, தினம் இரண்டு வகை மாத்திரை, அவ்வளவுதான். அப்புறம் அவர் கேஷுவாலிட்டிக்கு வரவே இல்லை. பால் சுரக்கவில்லை என்ற ஒரு வாக்கியம் எந்த ஸ்கேனைவிடவும் பெரிசாக இருந்தது.

இனி வயிற்றின் சொந்த நோய்கள். "வாயு" என்ற சொல்லை நம் ஊரில் கொஞ்ச நாள் தடை செய்தால் தேவலை. தொப்புளுக்கு மேலே கனமாக அழுத்தி, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் அது வாயு இல்லை, ஈசிஜி எடுக்க வேண்டிய நெஞ்சு. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம், வாந்தியும் வியர்வையும் மட்டும் இருக்கும். அதனால் நாற்பது தாண்டியவருக்கு மேல்வயிறு வலித்தால் நான் வயிற்றில் கைவைப்பதற்கு முன்பே ஈசிஜி கேட்பேன்.

வலி எவ்வளவு என்பதைவிட எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். விசைத்தறியில் நின்று வேலை செய்கிறவர்கள் இடுப்புவலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுப் போட்டு, ஒரு நாள் "இத்தனை மணிக்கு, டீ குடிச்சுட்டு எந்திரிச்சப்போ கத்தி சொருகுன மாதிரி" என்று நேரத்தோடு சொல்வார்கள். நேரம் சொல்ல முடிகிற வலி குடல் ஓட்டை விழுந்ததாக இருக்கலாம். அந்த ஆள் அசையவே மாட்டார், வயிறு பலகை மாதிரி இருக்கும். நின்றபடி ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) கீழே கருப்பாகக் காற்று தெரியும். சிறுநீரகக் கல் நேர் எதிர்: ஒரு இடத்தில் இருக்க மாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். கல்வலி உயிரை வாங்குகிற மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் ஊசி போட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். கூடவே குளிர்க் காய்ச்சல் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் கட்டுகிறது என்று பொருள், அதை அன்றே திறந்துவிட வேண்டும்.

குடல்வால் அழற்சி மெதுவாக வரும். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, பசி போய், அரை நாளில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். இருமினால், வண்டி வேகத்தடையில் குலுங்கினால் வலிக்கும். இதற்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கினால் உடையப்போவதை நாமே உடைத்த கதைதான். மலமும் காற்றும் போகாமல் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுப்பவருக்கும் பேதி மருந்து கூடாது. அவர் வேட்டியை விலக்கித் தொடை இடுக்கைப் பாருங்கள். நாள்பட்ட குடலிறக்கம், படுத்தால் உள்ளே போகிற கட்டி, இன்றைக்குப் போகவில்லை, தொட்டால் வலிக்கிறது என்றால் குடல் அங்கே நெரிபடுகிறது. அப்புறம் பள்ளிக்கூடம் படிக்கிற பையன்கள். திடீர் அடிவயிற்று வலி என்பார்கள், விதையில் வலி என்று சொல்ல வெட்கம். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால்தான் அது பிழைக்கும். அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.

பெண்களுக்கு அடிவயிற்று வலி, தலைசுற்றல், முகம் வெளுத்தல். நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும், கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்பது அந்த நேரத்தில் எவருக்கும் வேண்டாத கேள்வி. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே இரண்டு லிட்டர் ரத்தம் கொட்டும், வெளியே ஒரு சொட்டுத்தான் தெரியும். படுத்தால் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள், அது உள்ளே ரத்தம் உதரவிதானத்தைத் தொடுவதால். சிறுநீரில் கர்ப்பச் சோதனை இரண்டு நிமிஷம். அதைக் கேட்டதற்கு டாக்டரை அடிக்கப் பாய்ந்த அண்ணன்மார்களையும் பார்த்திருக்கிறேன், ஆபரேஷன் முடிந்து அவர்களே கையைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று பழைய சர்ஜன்கள் போட விடமாட்டார்கள். அது இப்போது ஒத்துக்கொள்ளப்படுவதில்லை. வலியைக் குறைத்துவிட்டு ஆற அமரப் பரிசோதிக்கலாம், நோய் ஒளிந்துகொள்ளாது. ஆனால் அது ஆஸ்பத்திரியில். மருந்துக் கடையில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பது வேறு விஷயம்.

மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று, கெட்ட வாடையோடு போனால் மேல்குடலில் ரத்தம் கசிகிறது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் கருக்கும், ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இருக்காது. குடித்து ஈரல் கெட்டவர்கள் ரத்தமாக வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரமும் வீணாக்கக் கூடாது, எண்டோஸ்கோப்பி இருக்கிற இடத்துக்கே போக வேண்டும். "உடனே ரத்தம் ஏத்துங்க" என்று சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால்தான் பொதுவாக ஏற்றுவார்கள், இதய நோய் இருந்தால் கொஞ்சம் முன்பே. ஈரல் கெட்டு உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்தவருக்கு அளவுக்கு மீறி ரத்தம் ஏற்றினால் அழுத்தம் ஏறி மறுபடி வெடிக்கும். டாக்டர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாம்புக்கு வருகிறேன். வெயில் காலத்தில் தோட்டத்துக் குடிசையிலும் களத்திலும் தரையில் படுப்பவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது என்றால், கண் இமையைப் பாருங்கள். இமை தொங்கினால், எச்சில் முழுங்க முடியவில்லை என்றால் அது கட்டு விரியன். அதன் பல் அவ்வளவு சின்னது, கடித்த வலியும் இருக்காது, தடமும் தெரியாது. இந்த வயிற்றுவலிக்கு ஜெலுசில் கொடுத்தனுப்பப்பட்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுபோனவர்கள் உண்டு. இங்கே வேண்டியது விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசமும்.

மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கால் வைக்கிறவர்களைக் கடிப்பது கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும். அவை ரத்தத்தின் உறையும் தன்மையையே தின்றுவிடும். ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும். இதற்குப் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்து, சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து 10 குப்பி ஆரம்பிக்க வேண்டும், ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

ரத்தம் பற்றிப் பேசும்போது டெங்குவை விட முடியாது. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற ஊர்களில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்துவைத்தே ஆக வேண்டும், கொசுவும் அங்கேயேதான் பிறக்கும். எல்லோரும் தட்டணுக்களை (பிளேட்லெட்) எண்ணிக்கொண்டிருப்பார்கள். நான் கேட்பது வயிறு வலிக்கிறதா என்று. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் அடிக்கும்போது இல்லை, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போதுதான். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நிம்மதியாகிற அன்று வயிறு வலித்து, வாந்தி நிற்காமல், கை கால் சில்லிட்டு, பிள்ளை சோர்ந்து படுத்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. சலைனை அளந்து ஏற்றுவதுதான் வைத்தியம். தட்டணு 40,000 இருக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. ரத்தம் கசிந்தாலோ 10,000க்குக் கீழே போனாலோதான் பேச்சு. நிலவேம்புக் கஷாயம் குடித்தால் குடிக்கட்டும், நான் சண்டை போடுவதில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஊசி மாத்திரை மட்டும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்.

நீலகிரி, சத்தியமங்கலம் மலை, ஆனைகட்டிப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு, சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரி மலை மக்களிடம்தான். இவர்களுக்கு வரும் வயிற்றுவலி அறுவை சிகிச்சை கேட்கிற வலி போலவே இருக்கும். சின்னப் பிள்ளைக்கு மண்ணீரல் திடீரென்று வீங்கி ரத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளவும் செய்யும். காய்ச்சல் 101 என்றால் அன்றே ஆஸ்பத்திரி. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சத்திக்கு வர வேண்டும் என்பதால் மேலே உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்பே கிளம்ப வேண்டும்.

ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறை, உள்ள பையனுக்கு வலது அடிவயிற்றில் வலி வந்து காலை மடக்கியே வைத்திருந்தால், குடல்வாலுக்கு முன்பு இடுப்புத் தசைக்குள் ரத்தக்கசிவை நினைக்க வேண்டும். ரத்தத்தை உறையவைக்கிற ஃபேக்டர் ஊசி முதலில், ஸ்கேன் அப்புறம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பலமாக இருமியபின் வயிற்றுச் சதையில் கட்டியும் வலியும் வந்தால் அதுவும் ரத்தக்கட்டுத்தான். புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறவருக்கு 101 டிகிரி ஒருமுறை வந்தாலே போதும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். 'நாளைக்கு அந்தப் பெரிய டாக்டரையே பார்த்துக்கலாம்' என்று வைத்திருந்து இழந்த இரண்டு பேரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கே போவது என்ற கேள்வி. கோயம்புத்தூர் மேல் நம் மக்களுக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் சர்க்கரை இறங்கியதற்கும், பாம்புக்கடிக்கும், ரத்த அழுத்தம் விழுந்ததற்கும் முதல் மருந்து தாராபுரம் ஜிஎச்சிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ஓடினால் வழியில் தீர்ந்துவிடும். அங்கே ஊசியும் சலைனும் போட்டு, நிலைப்படுத்தி, அப்புறம் 108-இலேயே மேலே போகலாம். ஆபரேஷன் தேவைப்படுகிற வயிறு, ரத்த வாந்தி என்றால் சர்ஜனும் ரத்த வங்கியும் ராத்திரியில் இருக்கிற இடம் வேண்டும். மூலனூரிலிருந்து கோயம்புத்தூரைவிடக் கரூர் கிட்ட. அங்கேயும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, திருப்பூரிலும் 2022 முதல் இருக்கிறது, ஈரோட்டுப் பக்கம் என்றால் பெருந்துறை. தனியார் என்றால் கிளம்பும் முன்பே போன் செய்து, இந்த நேரத்தில் சர்ஜன் இருக்கிறாரா, ஐசியூவில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிவருவதுதான் உண்மையில் ஆளைக் கொல்வது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பையில் போட்டுவிடுங்கள்.

அந்தப் பையில் மாத்திரை அட்டைகள் எல்லாம், பழைய சீட்டு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசியாக இன்சுலின் போட்ட நேரம் எழுதிய துண்டுச் சீட்டு. "வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் கலர் ஒண்ணு" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. வயிற்றுவலிக்காரருக்கு வழியில் இளநீர், காபி எதுவும் வேண்டாம், ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு வேண்டும்.

விடியும்வரை பொறுக்கலாமா என்றால், நின்று நடந்து பேசுகிறார், வியர்க்கவில்லை, சிறுநீர் போகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, வாந்தி ஒன்றிரண்டோடு நின்றது, சர்க்கரை பார்த்தாயிற்று என்றால் பொறுக்கலாம். இதில் ஒன்று இடித்தாலும் கிளம்புங்கள்.

பழனி. இந்தத் தைப்பூசத்துக்கு நான் விடமாட்டேன். கீட்டோ அசிடோசிஸ் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்து, கண்ணும் சிறுநீரகமும் பாதமும் காட்டிவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம். பாதத்தில் உணர்ச்சி மரத்திருந்தால் வெறுங்காலில் நடக்கக் கூடாது, கொப்புளம் போட்டதே தெரியாது. நடக்கிற நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குத்து, பக்கத்தில் எப்போதும் ஒருவர். அன்னதானப் பந்தல் எங்கே வரும் என்று தெரியாமல் சாப்பாட்டுக்கான காலை இன்சுலினைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, இலை முன்னால் உட்கார்ந்த பிறகு போட்டால் போதும். இந்த வருஷம் வேண்டுதல் நிற்கிறதே என்று அவர் வருத்தப்பட்டால், பஸ்ஸில் போய் வின்ச்சில் ஏறிக் கும்பிட்டுவிட்டு வரட்டும்.